நான்கு முடிச்சுக்கு நீலம்

என் மகள் ஜெனி நடக்கத் தொடங்கிய கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'கண் தெரியாத நீங்கள், ஓடுகிற குழந்தையை வீட்டில் தனியாக எப்படிச் சமாளித்தீர்கள்?' என்று கேட்டிருந்தார். கைப்பேசி அந்தக் கடிதத்தைத் தன் தட்டையான குரலில் வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. சமாளிக்க முடியாமல் போன மத்தியானம்.

ஆடி மாதம். திண்டுக்கல்லில் ஆடிக் காற்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். சன்னல் கொக்கிகள் கிணுகிணுக்கும். கொடியில் துணி படபடக்கும். சோற்றில் மண் நறநறக்கும். என் கணவர் அந்தோணி நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். அன்று பகல் ஷிப்ட். நான் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். என் பின்னால் ஜெனியின் கொலுசு நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்போது இரண்டே கால் வயது.

மணி அதிகம் வைக்கச் சொல்லிச் செய்த கொலுசு அது. அவள் எங்கே இருக்கிறாள், நடக்கிறாளா, ஏறுகிறாளா என்பதெல்லாம் எனக்கு அதை வைத்துத்தான் தெரியும். அடுப்படிக்குப் போனால் தரை மாறும், ஓசையும் மாறும். கட்டிலில் ஏறும்போது ஒரு கால் மட்டும் ஒலிக்கும்.

சலங், சலங் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். "ஜெனி" என்றேன். பதில் இல்லை. கட்டிலுக்கு அடியில் தடவினேன். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டேன். குளியலறை வாளிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. வாசலுக்கு வந்தால் இரும்புக் கேட் காற்றில் கிறீச்சிட்டு ஆடிக்கொண்டிருந்தது. யாரோ தாழைத் திறந்திருக்கிறார்கள்.

என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

அந்த மத்தியானம் செத்த நேரம் அப்படியே நிற்கட்டும். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இது புரியாது.

கைப்பிடியை விடச் சின்னது கூடாது

எங்கள் வீட்டு விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஜெனியின் கைப்பிடிக்குள் அடங்குகிற சின்னப் பொருள் எதற்கும் அதில் இடமில்லை. அவள் வாயில் என்ன போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது அல்லவா! புளியங்கொட்டை, மணி, பட்டன் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன.

மிச்சமிருந்தவை பாத்திரங்கள். காலையில் எல்லா மூடிகளையும் கழற்றிக் கூடத்தில் குவிப்பேன். எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். சரியான மூடி உட்காரும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்ததும் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சிரிப்போம்.

ஐந்து டம்ளர்களில் ஏற்ற இறக்கமாகத் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டுவது இன்னொன்று. அவளுக்கு நிறைந்த டம்ளர்தான் பிடிக்கும். மந்தமாக ஒரு 'டொக்' வரும். அதையே நூறு தடவை தட்டுவாள்.

பக்கத்து வீட்டு ராஜாத்தி அக்காவுக்கு இது ஆகாது. "ஏத்தா மெர்சி, குழாயில தண்ணி வந்து அஞ்சு நாளாச்சு. நீ என்னடான்னா டம்ளர் டம்ளரா ஊத்தி வெளையாட விட்டிருக்க!"

"அந்தத் தண்ணியத்தான் பொறகு கருவேப்பிலைச் செடிக்கு ஊத்துறேன்க்கா."

"அது சரி. செடியும் சேந்து வெளையாடுதாக்கும்."

தாம்பாளத்தில் கேழ்வரகைப் பரப்பி விரலால் கோடு இழுப்போம். தொடுவதற்கென்று பீர்க்கங்கூடு, தேங்காய் நார், மில்லிலிருந்து வந்த பஞ்சு எல்லாம் ஒரு கூடையில் இருக்கும். சாயங்காலமானால் வாசனை விளையாட்டு. துணிப்பைகளில் ஒன்றில் பழுத்த கொய்யா, ஒன்றில் வெங்காயம், ஒன்றில் காய்ந்த எலுமிச்சைத் தோல். கடைசிப் பையில் என் கணவர் கழற்றிப் போட்ட மில் சட்டை. அதை முகர்ந்ததும் "அப்பா!" என்று கத்துவாள். ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது புதிதாகவே இருந்தது.

இந்த விளையாட்டுகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டும் என்று நான் சொன்னதே இல்லை. அது பிறகு எனக்கு முக்கியமாகத் தோன்றியது.

செவந்திக் குவியல்

எனக்கு ஆறு வயது வரை பார்வை இருந்தது. ஒரு காய்ச்சலில் போனது. அதைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கனவில் எனக்கு இன்னும் நிறம் வரும்.

இரண்டே நிறங்கள். ஒன்று சிவப்பு. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருந்த பிளாஸ்டிக் வாளி. இன்னொன்று மஞ்சள். அப்பா என்னைத் தோளில் வைத்துப் பூ மார்க்கெட்டுக்குள் கொண்டுபோனபோது கீழே கொட்டியிருந்த செவந்திக் குவியல். கனவில் நான் அதன் மேல் மிதந்துகொண்டே இருப்பேன். கீழே மஞ்சள் விரிந்துகொண்டே போகும். சத்தமே இருக்காது. ஆட்கள் இருக்க மாட்டார்கள். விழித்ததும் அது அவிந்துவிடும்.

அது உண்மையான மஞ்சள்தானா என்று யாரைக் கேட்பது? முப்பது வருஷமாக எனக்குள்ளேயே கிடந்து வேறு ஏதோவாக மாறியிருக்கலாம். மற்ற நிறங்கள் எனக்கு வெறும் பெயர்கள். கொய்யா பச்சை, வானம் நீலம் என்று பாடம் மாதிரிச் சொல்வேன்.

ஜெனி வயிற்றில் இருந்த மாதங்களில் அந்தக் கனவு அடிக்கடி வந்தது. அவள் பிறந்த பிறகு வரவே இல்லை. தூக்கம் இருந்தால்தானே கனவு வரும்!

ஒரு முழத் தூரத்தில்

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினேன். மறுபடி உள்ளே ஓடினேன். கீரை காலடியில் நசுங்கியது. சுவரில் தோள் இடித்தது. அப்போது வாசலில் பையைக் கீழே வைக்கிற சத்தம். வெயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. என் கணவரின் அக்கா ஜெசிந்தா மதினி. நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து, சொல்லாமல் வந்திருக்கிறார். அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆனதால் பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது.

"ஏங்கண்ணு மெர்சி, யாரத் தேடற?"

"ஜெனியக் காணோம் மதினி! கேட்டு தெறந்து கிடக்கு!"

"கேட்ட நான்தான் தெறந்தேன். உள்ள வந்து செத்த நேரமாச்சு. நீ என்னமோ தேடறயேன்னு பாத்துட்டு நின்னேன்." அவர் குரல் தணிந்தது. "புள்ள உன்ற முன்னாடியேதானே நிக்குது."

கையை நீட்டினேன். ஒரு முழத் தூரத்தில் ஜெனியின் தலை இருந்தது. குனிந்து நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் இரண்டு கொலுசையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மணி அசையாமல் இருந்தால் அம்மாவுக்கு நான் இருப்பது தெரியாது என்று கண்டுபிடித்திருக்கிறாள். நான் வீடு முழுக்க ஓடியதை, கத்தியதை எல்லாம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் தொட்டதும் கொலுசை விட்டாள். கலகலவென்று மணியும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நான் அவளை அடித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. முதுகில் ஓர் அடி. அழுதாள். நானும் அழுதேன். மதினி அவளைத் தூக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் வந்ததும் மதினி பேசினார். "உன்ற பொண்டாட்டியக் கொற சொல்லல அந்தோணி. அவ படற பாட்டப் பாத்தேன். ஒரு வருசம் புள்ள எங்க கூட இருக்கட்டும். பசங்க ரெண்டு பேரும் ஹாஸ்டல்ல இருக்கறாங்க. வூடு வெறிச்சுனு கெடக்குது. வெவரம் தெரிஞ்சப்புறம் கொண்டாந்து விட்டுர்றேன்."

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா" என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் கொலுசைக் கழற்றி வைத்தேன். அவர் கேட்டில் எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ் போட்டார். நானும் ஜெனியும் புதிதாக ஒரு விளையாட்டு தொடங்கினோம். நான் இரண்டு தடவை கை தட்டினால் அவள் எங்கிருந்தாலும் இரண்டு தடவை தட்ட வேண்டும். நான் மூன்று என்றால் அவளும் மூன்று. தட்டிவிட்டு ஒளிந்துகொள்ளலாம், தட்டாமல் ஒளியக் கூடாது. முதல் வாரம் பாதி நேரம் தட்ட மாட்டாள். பிறகு, நான் சத்தத்தை வைத்து நேராக அவளிடம் வந்து நிற்பதே அவளுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து, ஒரு தடவை துணிக் கூடைக்குள்ளிருந்து என்று அந்தச் சின்னக் கைகள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தன.

இப்படித்தான் பாக்கணும்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, பக்கத்தில் ஒரு மழலையர் பள்ளிக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த ஆசிரியைக்கு மென்மையான குரல். மரக்கட்டைகளை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பா, இதுல ரெட் எது? சிவப்பு எது? எடுத்து மிஸ்கிட்ட குடு."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆசிரியை, "ஏன் பாப்பா கண்ண மூடிக்கிட்டே?" என்றார்.

என் கணவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெனி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக எடுத்திருக்கிறாள். முகர்ந்திருக்கிறாள். கன்னத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

"கண்ணத் தெறந்து பாரும்மா."

"இல்ல" என்றாள் ஜெனி. பெரிய மனுஷி மாதிரி, ஆசிரியைக்குச் சொல்லிக் கொடுப்பது போல. "இப்பிடித்தான் பாக்கணும். அம்மா மாதி."

நாற்காலி ஒன்று முனகியது. என் கணவர் எழுந்து அவளிடம் போனார். ஆசிரியை கோபப்படவில்லை. "எதுக்கும் ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று மட்டும் சொன்னார். காட்டினோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அந்த வாரம் முழுக்க எந்த விளையாட்டும் ஆடவில்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. காதில் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள், என் விரல்கள் அடித்துக்கொண்டே இருக்கும். நினைப்பு வேறெங்கோ கிடந்தது. என்னிடம் இருந்ததையெல்லாம் அவளுக்குக் கொடுத்தேன். இல்லாததை எங்கிருந்து கொடுப்பது? கண் இருக்கிற பிள்ளையைக் கண்ணை மூட வைத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

மதினிக்குச் செய்தி போயிருந்தது. போனில் பேசினார். "திருவிழாவுக்கு வாரேன் கண்ணு. திரும்பறப்ப புள்ளயக் கூட்டிட்டுப் போறேன். துணிமணி எடுத்து வெச்சிரு."

சரி என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது நான்தான். வேறு யாரும் அல்ல.

ராஜாத்தி அக்காவின் பை

ராஜாத்தி அக்காவிடம்தான் அதைச் சொல்லி அழுதேன். அவருக்குச் சொந்த ஊர் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்வார். துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிவிட்டால், சாயம் போட்டு அவிழ்க்கும்போது கட்டிய இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்குமாம். பேசிக்கொண்டிருக்கும்போதும் அவர் நகம் துணியில் நறுக் நறுக் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் சொல்லி முடித்ததும் அந்தச் சத்தம் நின்றது.

"அம்புட்டுத்தானா? கலரு உனக்குத் தெரியாட்டி என்னத்தா. உன் வெரலுக்குத் தெரியுற மாதிரி செஞ்சுட்டாப் போச்சு."

மறுநாள் ஒரு பை நிறையத் துண்டுத் துணிகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் முடிச்சு. ஒரு முடிச்சு என்றால் சிவப்பு. இரண்டு மஞ்சள். மூன்று பச்சை. நான்கு முடிச்சுக்கு நீலம்.

"பிள்ள சொல்றது சரியா தப்பான்னு இனி நீயே சொல்லலாம்ல?"

ஒரு முடிச்சுத் துண்டையும் இரண்டு முடிச்சுத் துண்டையும் அவர் போன பிறகு வெகு நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று நாள் ஜெனி ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. நான் பூரித்துப் போனேன். நாலாவது நாள் ராஜாத்தி அக்கா வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏத்தா, உன் மக கண்ண மூடிக்கிட்டு முடிச்ச எண்ணுறா!"

நிறம் தெரியும் முன்னால் நான்கு வரை எண்ணக் கற்றுவிட்டாள். அதற்கப்புறம் முடிச்சு இருக்கும் மூலையை என் கைக்குள் மூடிக்கொண்டு, மிச்சத் துணியை மட்டும் வெளியே தொங்கவிட்டேன். "இப்ப சொல்லு" என்றேன்.

முகர்ந்தாள். கன்னத்தில் வைத்தாள். எல்லாம் ஒரே பருத்தி, ஒரே சோப்பு வாசனை. "தெரில" என்றாள். அழுகிற குரல்.

"கண்ணால பாருடா. அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாது. உனக்குத் தெரியும். நீ பாத்து எனக்குச் சொல்லு."

இதற்கு முன் அவளிடம் அந்த வார்த்தைகளைச் சொன்னதே இல்லை. என்ன யோசித்தாளோ. பிறகு என் மடியில் ஏறி, என் இமையைத் தன் விரலால் மெல்லத் தூக்கினாள். மூச்சு என் முகத்தில் பட்டது. "தெரிலயா?" என்றாள்.

"தெரில."

இறங்கிப்போய்த் துணியைக் கையில் எடுத்தாள். "இது மஞ்ச" என்றாள்.

என் கைக்குள் இரண்டு முடிச்சு இருந்தது.

பூசை முடிந்த மைதானம்

சொன்னபடியே தேவாலயத் திருவிழாவுக்கு மதினி வந்தார். ஜெனியின் துணிப்பை கதவோரம் தயாராக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போனோம். முடிந்து வெளியே வந்தால் மைதானம் முழுக்கக் கடைகள். பீப்பி, பலூன், ஒலிபெருக்கி, பஜ்ஜி எண்ணெய், மெழுகுவர்த்தி வாசனை. என் கணவர் வண்டி எடுக்கப் போயிருந்தார். ஜெனியின் கை மதினியின் கையில் இருந்தது.

"ஐயோ" என்றார் மதினி. "இப்பத்தானே... இங்கதானே இருந்தா! பொரி வாங்கக் கைய விட்டேன், அவ்வளவுதான்."

"ஜெனி! ஜெனி!" என்று அவர் குரல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. யார் யாரையோ விலக்கினார். "ரோஸ் கவுனு போட்ட புள்ள, பாத்தீங்களா? பாத்தீங்களா?"

நின்ற இடத்திலேயே கையைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு தடவை தட்டினேன். ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. மறுபடி தட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள். "செத்த நேரம் சும்மா இருங்க" என்று கத்தினேன். உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன்.

இடது பக்கம், தாழ்வாக, துணிக்குப் பின்னாலிருந்து வருவது போல, டப் டப்.

அந்தத் திசையில் நடந்தேன். யார் மேலோ மோதினேன். ஒரு மேசை இடித்தது. மெழுகுவர்த்திக் கடை. தொங்கிய துணியை விலக்கிக் குனிந்தேன். ஈரமான ஒரு கை என் மூக்கைப் பிடித்தது.

"அம்மா கண்டுபிச்ச!" என்றாள்.

மதினி ஓடிவந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கையைப் பிடித்தேன். எனக்கு வென்றுவிட்ட நினைப்பு ஒன்றும் வரவில்லை. அவரை நினைத்துப் பாவமாக இருந்தது.

"ரெண்டு கண்ணு இருந்தும் வுட்டுட்டனே கண்ணு" என்றார்.

"நானும்தான் மதினி விட்டேன் அன்னைக்கு. அவ அப்படித்தான். ஓடுற பிள்ள."

வீட்டுக்கு வந்தோம். புறப்படும்போது மதினி கதவோரம் இருந்த பையை எடுத்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறி, மடித்து, பீரோவில் அடுக்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நின்றேன். "லீவுக்குக் கூட்டியாங்க" என்றார் போகும்போது. "எல்லாரும் வாங்க."

கிறிஸ்துமஸ் சேலை

கிறிஸ்துமசுக்கு என் கணவர் எனக்கு ஒரு சேலை எடுத்து வந்திருந்தார். நீலம் என்றார். காலையில் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜெனி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, பச்ச சேல."

"நீலம்டா. அப்பா சொன்னாங்க."

"இல்ல. பச்ச."

பழக்கத்தில் என் விரல் முந்தானை மூலைக்குப் போனது. அங்கே முடிச்சு எதுவும் இல்லை. வெறும் துணி. அவள் முகத்தைத் தொட்டேன். இமை மயிர்கள் என் விரலில் படபடத்தன. கண் திறந்திருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். வாசலுக்கு என்னை அழைத்துப்போய் வெயிலில் முந்தானையை விரித்தார். "அட" என்றார். "கடைக்குள்ள நீலமாத்தான் தெரிஞ்சது. இது மயில் கழுத்துக் கலரு. ரெண்டும் இருக்கு. எதுன்னு சொல்ல?"

"பச்ச" என்றாள் ஜெனி.

கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள் என் சேலையைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு தாயி" என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்கிற தயக்கத்தோடு, "என்ன கலருன்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

"பச்சை" என்றேன்.